ஒளிராதிருக்கும் உழைப்பு

காரலுக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. திருகோணமலையின் சல்லியிலும் நிலாவெளியிலும் கரைவலையின் மடியைத் திறந்து மீன் பிரிக்கும்போது சூடை ஒரு பக்கம், நெத்தலி ஒரு பக்கம், பாரைக்குஞ்சு ஒரு பக்கம் என்று போகும். காரல் கடைசியில் கூறு கட்டி விலைபோகும். உடல் மெல்லியது, முள் அதிகம், கையில் எடுத்தால் கோழை ஒட்டும். சொதிக்கு இதைவிட ருசியான மீன் இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நான் எழுத வந்தது அதன் தொண்டைக்குள் இருக்கும் வெளிச்சத்தைப் பற்றி.

காரலின் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒளிரும் பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் நெருங்கி வாழ்கின்றன. காற்றுப்பையின் பளபளப்பான சுவர் அவற்றின் ஒளியை வாங்கி வயிற்றுப்புறமாகத் திருப்பிவிடுகிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு எதிரே மீனின் உடல் கருநிழலாகத் தெரிந்தால், கீழே காத்திருக்கும் பெரிய மீனுக்கு வேலை எளிது. வயிறு மெல்ல ஒளிர்ந்தால் அந்த நிழல் கரைந்துவிடும். பல காரல் இனங்களில் ஆணின் ஒளியுறுப்பு பெண்ணினுடையதைவிடப் பெரியது. ஆகவே ஒளிந்துகொள்வதற்கு மட்டுமன்றி, தங்களுக்குள் அடையாளம் காட்டிக்கொள்ளவும் இந்த ஒளி பயன்படுகிறது என்று கொள்கிறார்கள். உள்ளே வாழும் பற்றீரியாவுக்கு மீனின் பேரினப் பெயரையே ஒட்டிப் போட்டோபக்டீரியம் லெயோக்னாதி என்று பெயர் வைத்தார்கள். அதன் மிக நெருங்கிய உறவு ஒன்று, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள மண்டபத்தின் பெயரைத் தாங்கி, 1970 முதல் போட்டோபக்டீரியம் மண்டபமென்சிஸ் என்று அறிவியல் ஏடுகளில் நிற்கிறது. இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தச் சிற்றூரின் பெயர் ஓர் ஒளிரும் உயிரின்மேல் ஏறியிருப்பதை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

இரவில் தொழிலுக்குப் போகத் தடையிருந்த ஆண்டுகளைக் கண்ட ஊர் எங்கள் திருகோணமலை. கடலின் இரவை இங்கே வெகுகாலம் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தவர்களுக்கு, அலை உடையும் இடத்திலும் துடுப்புப் படும் இடத்திலும் சிதறுகின்ற நீலப் பொறி தெரியும். அது வேறு. நொக்டிலூக்கா போன்ற தனிக்கல உயிர்கள் சீண்டப்படும்போது மின்னுவது அது. பற்றீரியாவின் ஒளிக்கு அலையும் வேண்டாம், துடுப்பும் வேண்டாம். ஒளிரத் தொடங்கினால் விடாமல் நின்று ஒளிரும். 1660களின் இறுதியில் இங்கிலாந்தில் ராபர்ட் பொயில், பழசாகி ஒளிர்ந்த மீனைக் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார். ஒளி மங்கியது. காற்றைத் திரும்ப விட்டதும் ஒளியும் திரும்பியது. ஒட்சிசன் என்று ஒரு வாயு உண்டென்பது தெரியவர இன்னும் நூறாண்டு இருந்தது. இன்று நமக்குத் தெரியும்: லூசிபெரேசு என்ற நொதியம், ஒட்சிசனைக் கொண்டு ஒரு கொழுப்பு அல்டிகைட்டை எரிக்கும்போது, 490 நானோமீற்றர் அளவில் நீலப்பச்சை ஒளி பிறக்கிறது. அந்த நொதியத்தைக் கட்டவும் எரிபொருளைத் தயாரிக்கவும் கலம் தன் வளர்ச்சிக்கான சக்தியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. கடலில் தனியே மிதக்கும் ஒரு பற்றீரியா ஒளிர்ந்தால் அதை எந்தக் கண் காணும்? ஒரு கலத்தின் ஒளி எந்த மீனின் கண்ணுக்கும் எட்டாது. செலவு முழுவதும் வீண். ஆகவே அது தனியே இருக்கும்போது ஒளிரக்கூடாது; நெருக்கமாக வாழும்போது மட்டுமே ஒளிர வேண்டும். 1970 இல் கென்னத் நீல்சன், டெர்ரி பிளாட், வூட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் மூவரும் இதைக் கண்ணாடிக் குடுவையில் காட்டினார்கள். புதிய ஊட்டக் கரைசலில் பற்றீரியாவை இட்டால் கலங்கள் பெருகிக்கொண்டே போகின்றன, ஒளி மட்டும் கூடுவதில்லை. ஒரு கட்டத்தில் லூசிபெரேசின் உற்பத்தி சட்டென்று தொடங்குகிறது. கலங்கள் தாமே வெளியே விட்ட ஏதோ ஒரு பொருள் கரைசலில் சேர்ந்து சேர்ந்து, போதிய அளவு வந்ததும் ஒளியைத் தொடக்கிவைக்கிறது என்றார்கள். பின்னாளில் அந்தப் பொருள்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 1994 இல் இந்த நிகழ்வுக்குக் ‘கோரம் உணர்தல்’ என்று பெயரும் வந்தது. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையைச் சொல்லும் சபைச் சொல் அது.

அந்தப் பெயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பது.

காரலின் உள்ளே வாழ்வதற்குத் தூரத்து உறவு, விப்ரியோ ஹார்வேயி. வெதுவெதுப்பான கடல்களில் எங்கும் உண்டு. தண்ணீரில் தனியாக மிதக்கும், மீனின் குடலில் கூட்டமாகத் தங்கும், இறால் குஞ்சுகளில் நோயாக இறங்கும். இறால் பொரிப்பகத்தில் இரவு விளக்கை அணைத்ததும் தொட்டி ஒளிர்ந்தால், பார்ப்பவர் வயிறு கலங்கும். விடிவதற்குள் குஞ்சுகள் செத்து மிதக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத ஹார்வேயி தென்னிந்தியப் பொரிப்பகத்தில் இறால் குஞ்சுகளைக் கூட்டமாகக் கொன்றதை மங்களூரின் இந்திராணி கருணாசாகர் குழுவினர் 1994 இல் பதிவு செய்தார்கள். இந்தப் பற்றீரியாவில்தான் ஒளியின் கட்டுப்பாடு இழை இழையாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது. பெரும்பகுதி வேலை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பானி பாஸ்லரின் ஆய்வுகூடத்தில் நடந்தது.

ஹார்வேயிக் கலம் மூன்று வகைச் சிறு மூலக்கூறுகளை ஓயாமல் வெளியே விடுகிறது. அவற்றை உணரும் புரதங்கள் அதன் மென்சவ்வில் இருக்கின்றன. மூலக்கூறு வந்து சேர்ந்ததும்தான் இந்த உணரிகள் வேலையைத் தொடங்கும் என்றே எவரும் நினைப்பர். நடப்பது அதற்கு நேர்மாறு. மூலக்கூறு வராதவரை அவை வேலை செய்துகொண்டே இருக்கின்றன. பொஸ்பேற்றுக் குழுவை ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தி, லக்ஸ்-ஓ என்ற புரதத்தை விழிப்பாக வைத்திருக்கின்றன. வெளியே மூலக்கூறு நிறைந்து வந்து உணரியில் அமர்ந்தால் கடத்தல் எதிர்த்திசையில் ஓடுகிறது; லக்ஸ்-ஓ அடங்குகிறது. லக்ஸ்-ஓ அடங்கினால் ஒளி வருகிறது.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. ஒளி வருவதற்கு லக்ஸ்-ஆர் என்ற தலைமைப் புரதம் வேண்டும். லக்ஸ்-ஓ விழித்திருக்கும்போது லக்ஸ்-ஆர் காணாமற்போகிறது. ஆனால் லக்ஸ்-ஓவின் கட்டமைப்பைப் பார்த்தால் அது பரம்பரையலகுகளை இயக்கிவிடும் வகையைச் சேர்ந்தது. அடக்கும் வகை அல்ல. அப்படியானால் அது எதையோ இயக்குகிறது, அந்த ஏதோ ஒன்று லக்ஸ்-ஆரை அடக்குகிறது. நடுவில் நிற்பது யார்? பற்றீரியாவில் தற்செயலான மாற்றங்களை உண்டாக்கித் தேடியபோது கிடைத்தது, யாரும் எதிர்பாராத ஒரு புரதம்: எச்.எஃப்.க்யூ. ஆறு ஒத்த துண்டுகள் சேர்ந்து வளையமாக இருக்கும் இதை, ஒரு வைரசின் பெருக்கத்துக்கு உதவுவதாக 1968 இலேயே கண்டிருந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதற்கு வேறொரு தொழில் இருப்பது தெரியவந்தது. சிறு ஆர்.என்.ஏக்களைப் பிடித்து, அவை சேர வேண்டிய தூது ஆர்.என்.ஏயோடு சேர்த்துவைப்பது அது. எச்.எஃப்.க்யூ இருக்கிறது என்றால், நடுவில் நிற்பது புரதமாக இருக்க வேண்டியதில்லை. அப்போது, புரதம் எதையும் குறிக்காமல் பரம்பரையலகுகளுக்கு இடையில் கிடக்கும் பகுதிகளைக் கணினியில் துழாவினார்கள். லக்ஸ்-ஓவோடு சேர்ந்தியங்கும் சிக்மா 54 என்ற புரதம் அமரக்கூடிய தொடக்கம், ஆர்.என்.ஏ முடிவதற்கான குறி, இரண்டும் சிறிய இடைவெளியில் இருக்கும் இடங்கள் எவை? 2004 ஜூலையில் ‘செல்’ ஏட்டில் வந்த கட்டுரை அவற்றை அறிவித்தது. ஆசிரியர்களில் முதற்பெயர் டெரிக் லென்ஸ். கணினித் தேடலில் ராகுல் குல்கர்ணி. ஏறத்தாழ நூறு எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏக்கள். க்யூ.ஆர்.ஆர் என்று பெயரிட்டார்கள்.

வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ கொலரேயில் அவை நான்கு. ஒன்றை நீக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றை நீக்கியும் மாற்றமில்லை. நான்கையும் நீக்கியபோதுதான் கட்டுப்பாடு அறுந்தது. ஹார்வேயியில் ஐந்து என்று 2007 இல் உறுதியாயிற்று. ஆனால் அங்கே கதை வேறு. ஐந்தும் தனித்தனியே தம் பங்கைச் சேர்க்கின்றன. ஒன்று குறைந்தால் அடக்கமும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஏறத்தாழ ஒரே எழுத்துகள், ஒரே இலக்கு. ஒரு கடலுயிரில் ஒன்றே போதும், அதன் உறவில் ஐந்தும் வேண்டும். ஒளியை நிறுத்துவதும் விடுவதும் ஒரே வெட்டில் நடக்காமல் படிப்படியாக நடக்க ஹார்வேயிக்கு இது உதவுகிறது. இந்த வேறுபாடு எனக்கு அந்தக் கண்டுபிடிப்பைவிடக் கூடுதலான வியப்பைத் தருகிறது.

அவை எப்படி அடக்குகின்றன? கலம் ஒரு புரதத்தைச் செய்ய வேண்டுமானால் பரம்பரையலகைப் பார்த்து ஒரு தூது ஆர்.என்.ஏயை எழுதுகிறது. ரைபோசோம் அதன் தலைப்பகுதியில் ஏறிப் படித்துக்கொண்டே போய்ப் புரதத்தைக் கோக்கிறது. ஆர்.என்.ஏயின் நான்கு எழுத்துகளில் ‘ஏ’ ‘யூ’வோடும், ‘ஜி’ ‘சி’யோடும் இணையும். சிறு ஆர்.என்.ஏயின் ஒரு பகுதி, தூது ஆர்.என்.ஏயின் தலைப்பகுதிக்கு இணையான எழுத்துகளைக் கொண்டிருக்கிறது. முழுமையாக இணைய வேண்டும் என்பதில்லை. பத்து, இருபது எழுத்துகள் நடுவில் இடறி இடறிப் பொருந்தினாலும் போதும். பொருந்தியதும் ரைபோசோம் ஏற இடமில்லை. அறுக்கும் நொதியங்கள் வந்து அந்தத் தூதைத் துண்டாக்கிவிடும். லக்ஸ்-ஆரின் தூதுக்கு நேர்வது இதுவே. பரம்பரையலகை யாரும் தொடவில்லை. அது எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எழுதப்பட்டது படிக்கப்படுவதற்கு முன் அழிக்கப்படுகிறது.

ஆகவே, இருளில் மிதக்கும் தனிக் கலத்தைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது வெறுமனே ஒளிராமல் இருக்கவில்லை. ஒளிராமல் இருக்க உழைக்கிறது. உணரிகள் ஓயாமல் பொஸ்பேற்றைக் கடத்துகின்றன, லக்ஸ்-ஓ ஓயாமல் சிறு ஆர்.என்.ஏக்களை எழுதவைக்கிறது, அவை ஓயாமல் தூதை அழிக்கின்றன. அந்த இருட்டு அப்படிக் கட்டிக் காக்கப்படுகிறது. நெருக்கம் வந்ததும் யாரும் ‘ஒளிர்’ என்று ஆணையிடுவதில்லை. தடுப்பது நின்றுபோகிறது, அவ்வளவுதான். உயிரின் ஒழுங்கை நாம் எப்போதும் ஆணைகளாகவே படித்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை அசைத்த விடயங்களில் இது தலையாயது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உயர்தர உயிரியலில் நாங்கள் படித்த ஆர்.என்.ஏ ஓர் இடைத்தரகர். டி.என்.ஏ சொல்வதைப் புரதத்திடம் சேர்ப்பது அதன் வேலை, சொந்தமாக முடிவெடுக்காது. கட்டுப்படுத்துபவை புரதங்கள். இந்தப் பாடத்தின் மூலவர்களான பிரான்சுவா ஜாக்கோப்பும் ஜாக் மோனோவும் 1961 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, பரம்பரையலகை அடக்கும் பொருள் ஆர்.என்.ஏயாக இருக்கலாம் என்று கருதியிருந்தார்கள். 1966 இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அந்த அடக்கியைப் பிரித்தெடுத்தபோது அது புரதமாக இருந்தது. அதோடு ஆர்.என்.ஏ பற்றிய எண்ணம் ஒதுங்கிவிட்டது. 1981 இல் பிளாஸ்மிட்டுகள் என்ற சிறு டி.என்.ஏ வளையங்களின் பெருக்கத்தை எதிர்-ஆர்.என்.ஏக்கள் கட்டுப்படுத்துவது தெரிந்தது. 1984 இல் மிசுனோ, சூ, இனூயே மூவரும் ஈ. கோலி என்ற பற்றீரியாவின் சொந்தக் குரோமசோமிலிருந்தே அப்படியொன்று வருவதைக் கண்டார்கள்: மிக்-எஃப். கலத்தின் வெளிச்சவ்வில் துளையிடும் ஒரு புரதத்தின் தூதை அது அடக்குகிறது. அப்போதும் பலருக்கு இவை விதிவிலக்குகளாகவே தெரிந்தன.

ஏன் இவ்வளவு தாமதம்? தேடும் முறை அப்படி. பரம்பரையலகைக் கண்டறிவது என்றால் புரதம் குறிக்கும் நீண்ட வாசகத்தைத் தேடுவது என்றே இருந்தது. நூறு எழுத்துள்ள ஒன்று எந்த வாசகமும் இல்லாமல் கிடந்தால் அது வெற்றிடம். மாற்றங்களை உண்டாக்கித் தேடினாலும், ஆயிரம் எழுத்துள்ள பரம்பரையலகில் விழும் அடி நூறு எழுத்துள்ளதில் அரிதாகவே விழும். ஈ. கோலியின் 46 இலட்சம் எழுத்துகளும் 1997 இல் வெளியான பிறகுதான் இடைவெளிகளை ஒழுங்காகத் தேட முடிந்தது. 2001 இல் மூன்று குழுக்கள் தனித்தனியே தேடி, பல பத்துச் சிறு ஆர்.என்.ஏக்களை வெளியே கொண்டுவந்தன. அந்தத் தேடலில் கிடைத்த ஒன்றைப் புல்மோட்டையோடு சேர்த்து நினைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில் இருக்கும் புல்மோட்டைக் கரை மணல் கறுப்பு. இல்மனைட்டு, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். கப்பலில் ஏற்றுமதியாகும் செல்வம். அந்த மணலைத் தொட்டு நிற்கும் கடலில் வாழும் பற்றீரியாவோ இரும்புப் பஞ்சத்தில் இருக்கிறது. ஒட்சிசன் நிறைந்த கடல்நீரில் இரும்பு கரைவது மிக மிக அற்பம். மனித உடலுக்குள் புகுந்தாலும் இதே கதை, நம் குருதி இரும்பைப் புரதங்களால் பூட்டி வைத்திருக்கிறது. இரும்பு குறைந்ததும் ஈ. கோலி ஆர்.வை.எச்.பி என்ற 90 எழுத்துச் சிறு ஆர்.என்.ஏயை எழுதத் தொடங்குகிறது. எரிக் மாஸேயும் சூசன் காட்ஸ்மனும் 2002 இல் விளக்கினார்கள்: இரும்பைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், இல்லாமலும் சமாளிக்கக்கூடிய புரதங்களின் தூதுகளை அது ஒவ்வொன்றாக அழிக்கிறது. மிச்சப்படும் இரும்பு, விட முடியாத வேலைகளுக்குப் போகிறது. விப்ரியோ கொலரேயிடமும் இதன் நீளமான வடிவம் உண்டு. இங்கே இன்னொன்றும் கவனத்துக்குரியது. இந்தச் சிறு ஆர்.என்.ஏ தன் இலக்கோடு இணைந்ததும் இலக்கோடு தானும் அழிகிறது. தடுக்க ஒன்று, தடுக்கப்பட ஒன்று, இரண்டும் ஒன்றாகச் செலவாகின்றன. ஆகவே சிறு ஆர்.என்.ஏயின் உற்பத்தி தூதின் உற்பத்தியை விஞ்சி நிற்கும்வரை முழு அடக்கம். தூது விஞ்சியதும் உபரி மட்டும் வெளியே வருகிறது. புரதம் ஒன்றைக் கட்டி, அது சிதையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரும்பு திரும்பக் கிடைத்தால் சில நிமிடங்களில் நிலைமை மாறிவிடும்.

ஹார்வேயியின் க்யூ.ஆர்.ஆர்கள் இதைவிட நுட்பமானவை. 2015 இல் பாஸ்லர் குழு அவற்றில் ஒன்றைக் கூர்ந்து பார்த்தபோது, ஒரே சிறு ஆர்.என்.ஏ வெவ்வேறு இலக்குகளிடம் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வது தெரிந்தது. லக்ஸ்-ஆரின் தூதை அழித்துவிட்டுத் தான் தப்பி அடுத்ததற்குப் போகிறது. இன்னொரு தூதோடு சேர்ந்து தானும் அழிகிறது. லக்ஸ்-ஓவின் தூதை, அதாவது தன்னைப் பிறப்பிக்கும் புரதத்தின் தூதையே, அழிக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏ.பி.எச்-ஏ என்ற நான்காவதன் மடிப்பைப் பிரித்து ரைபோசோமுக்கு இடம் காட்டி, அதைப் பெருகவும் விடுகிறது. தனிமையின் புரதம் என்று அதைச் சொல்லலாம். கலம் தனித்திருக்கும் காலத்துக்கு வேண்டியவற்றை அது நடத்துகிறது. நூறு எழுத்தில் நான்கு வகை நடத்தை. எதிரில் வரும் தூதின் வடிவம் எதுவோ, அதற்கேற்ற முடிவு.

இனி அந்தப் பெயர். ‘கோரம்’ என்றதும் நம் மனம் ஒரு சபையைக் கட்டிவிடுகிறது. பற்றீரியாக்கள் பேசுகின்றன, எண்ணுகின்றன, வாக்களிக்கின்றன என்று கட்டுரைகள் வருகின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது, உண்மையை மறைக்கிறது. எந்தக் கலமும் எண்ணுவதில்லை. தன் தோலருகே ஒரு மூலக்கூறு எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தச் செறிவு கூட்டத்தால் கூடலாம். ஒரே ஒரு கலம் மிகச் சிறிய பொந்தில் அடைபட்டிருந்தாலும் கூடலாம். 2002 இல் ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் இந்தக் கருத்தை முன்வைத்தார்: பற்றீரியா அறிய விரும்புவது தன் இனத்தவர் எத்தனை பேர் என்பதை அல்லாமல், தான் வெளியே விடுவது தன்னருகே தங்குகிறதா, அடித்துச் செல்லப்படுகிறதா என்பதாக இருக்கலாம். இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்றாலும், நான் ரெட்ஃபீல்டின் பக்கம் சாய்கிறேன். காரணம் நான் வாழும் ஊர். திருகோணமலையின் பெருமை அதன் கப்பல்களின் எண்ணிக்கையில் இல்லை. உட்துறைமுகத்தின் வளைவில் இருக்கிறது. வாடை அடிக்கும் மாதங்களில் வெளிக்கடல் கொந்தளிக்கும்போதும் மலைகள் அணைத்த அந்த நீர் அசையாது கிடக்கும். அதற்குள் விடப்பட்டது அங்கேயே நிற்கும், நல்லதும் கெட்டதும். காரலின் தொண்டை வளையமும் ஒரு துறைமுகம். பற்றீரியா விடும் மூலக்கூறு அங்கே தங்குகிறது, சேர்கிறது. அதே பற்றீரியாக்களின் மிகுதியை மீன் நாள்தோறும் குடல் வழியே கடலுக்கு விடுகிறது. கொட்டியாரக் குடாவின் அடியிலிருந்தே சரிந்து ஆழ்கடலுக்குப் போகும் பள்ளத்தாக்கின்மேல், அலை நீரில் அவை பிரிந்து போகும்போது, சுற்றிலும் மூலக்கூறு ஒன்றும் தங்காது.

அப்படியானால் திறந்த கடல் ஒருபோதும் பற்றீரியாவால் ஒளிராதா? ஒளிர்ந்திருக்கிறது. 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால், ‘லிமா’ என்ற பிரித்தானியக் கப்பல் பாலாய் வெளுத்த கடலுக்குள் மணிக்கணக்காகப் போனதாகக் குறித்தது. பத்தாண்டு கழித்து, அதே இரவுகளின் செய்மதிப் படங்களில் அந்த ஒளியைத் தேடிப் பிடித்தார் ஸ்டீவன் மில்லர். 15,400 சதுர கிலோமீற்றர். எங்கள் மாவட்டத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல், அடுத்தடுத்து மூன்று இரவுகள். இப்படியொரு பாற்கடலில் இறங்கி நீரெடுத்த ஒரே ஆய்வு அதற்கு முன், 1985 இல், சொகோத்ராத் தீவருகே நடந்தது. நீரில் இருந்தது விப்ரியோ ஹார்வேயி. அது பற்றியிருந்தது கோழைத்திரளாய் வளரும் ஒரு பாசியை. திறந்த கடலிலும் அவை ஒதுங்க இடம் பிடித்துக்கொண்டே ஒளிர்ந்திருக்கின்றன.

வாந்திபேதியிடம் வருகிறேன். இந்தத் துறைமுகம் அதை மறந்துவிட முடியாது. 1817 இல் வங்காளத்தில் யசோரில் வெடித்த கொள்ளைநோய் அடுத்த ஆண்டே இலங்கையை எட்டியது. 1819 இல் இலங்கையிலிருந்து போன ‘டோபாஸ்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மொரிசியசின் போர்ட் லூயியை அடைந்ததும் அங்கே நோய் பரவியது. கப்பல்தான் கொண்டுவந்ததா, காற்றா, மண்ணா என்று வெகுகாலம் வாதிட்டார்கள். நோய்க்குக் காரணமான விப்ரியோவும் கழிமுக உயிர்தான். மகாவலி போன்ற ஆறுகள் உப்புநீரோடு கலக்கும் இடங்களே அதற்கு வீடு.

ஹார்வேயியில் ஒளியைத் தடுக்கும் அதே க்யூ.ஆர்.ஆர்கள் இந்த உறவினரிடம் செய்வது கொடுமையானது. லக்ஸ்-ஆருக்கு ஒப்பான புரதம் இதனிடம் ஹப்-ஆர். அது நோயுண்டாக்கும் பரம்பரையலகுகளை அடக்குவது. மனிதக் குடலில் புகும் விப்ரியோக்கள் முதலில் சொற்பம், மூலக்கூறு இல்லை, சிறு ஆர்.என்.ஏக்கள் ஹப்-ஆரின் தூதை அழிக்கின்றன. ஆகவே குடற்சுவரைப் பற்றும் இழைகளும் நஞ்சும் வெளிவருகின்றன. பெருகி நெருங்கியதும் சிறு ஆர்.என்.ஏக்கள் நின்றுபோக, ஹப்-ஆர் எழுந்து நஞ்சை நிறுத்தி, பற்றிய பிடியை விடுவிக்கும் நொதியத்தைச் செய்யவைக்கிறது. நோயாளியின் வயிற்றோட்டத்தோடு கோடிக்கணக்கில் அவை வெளியேறுகின்றன, அடுத்த கிணற்றுக்கு. ஒரே அடக்கம், ஒரு கடலில் சிக்கனம், ஒரு குடலில் மரணம். இதில் ஒழுக்கப் பாடம் தேடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தனித்திருக்கும்போது எது இலாபம் என்பது ஒவ்வோர் உயிரின் வாழ்க்கை முறையைப் பொறுத்தது; இழை ஒன்றே, அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதே வேறு.

லென்ஸின் கட்டுரை வந்த அதே ஆண்டின் டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்தது. கிணறுகள் உப்பாயின, மலக்குழிகள் உடைந்து கலந்தன, முகாம்களில் சனம் நெருங்கிக் கிடந்தது. வாந்திபேதி வரும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். பெருங்கொள்ளையாக அது வரவில்லை. பவுசரில் வந்த குடிநீரும் குளோரினும் முகாம் முகாமாக அலைந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் செய்த வேலைக்கு அதில் பெரும் பங்குண்டு. எந்த மூலக்கூற்று அறிவும் அந்த வேலைக்கு மாற்றாகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அதைச் சொன்ன பிறகு, 2010 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபாபிங் டுவானும் ஜோன் மார்ச்சும் செய்த பரிசோதனையையும் சொல்ல வேண்டும். தீங்கற்ற ஒரு குடல் ஈ. கோலிக்கு, விப்ரியோ கொலரே தன் இருப்பை அறிவிக்க விடும் மூலக்கூறைச் செய்யும் பரம்பரையலகைக் கொடுத்தார்கள். சுண்டெலிக் குட்டிகளுக்கு அதை எட்டு மணி நேரம் முன்னதாக ஊட்டிவிட்டு, பிறகு விப்ரியோவைக் கொடுத்தார்கள். புதிதாக வந்த சொற்ப விப்ரியோக்களுக்குக் குடல் முன்பே நிறைந்துவிட்டதாக உணர்த்தப்பட்டது. குட்டிகளில் 92 விழுக்காடு பிழைத்தன. மனிதருக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை. சுண்டெலிக் குட்டியின் குடலுக்கும் நம்முடையதற்கும் தூரம் அதிகம். இருந்தாலும் அந்தப் பரிசோதனையின் நோக்கு என்னை விடுவதில்லை. தென்னிந்திய இறால் தொட்டிகளில் மருந்துக்கு அடங்காமல் போனதைப் போல, கொல்ல வரும் மருந்தைத் தாண்டி வாழ்ந்த பற்றீரியாவின் வழித்தோன்றல்கள் பெருகிவிடும். இங்கே கொல்ல வந்தது எதுவும் இல்லை. விப்ரியோவின் சொந்தச் சிறு ஆர்.என்.ஏக்கள் எழுதப்படுவது நின்றது, ஹப்-ஆரின் தூது இம்முறை அழிக்கப்படாமல் படிக்கப்பட்டது, நஞ்சு குறைந்தது.